வெள்ளை நூல் பாட்டிலில் நான் ஊற்றிய பாகு

அன்பு மகளே, அஸ்ஸலாமு அலைக்கும்.

உன் கடிதம் வியாழக்கிழமை வந்தது. நீ நலமா, நாங்கள் நலம் என்று நாலு வரி எழுதிவிட்டு விஷயத்துக்கு வருவதுதான் என் வழக்கம். இந்த ஒரு தடவை அதை விட்டுவிடுகிறேன். அந்தக் காகிதத்தில் நீ கையெழுத்துப் போடக் கூடாது. கோடை விடுமுறையில் வந்த முடிவுகளெல்லாம் நீயே கற்பனையாக எழுதியவை என்று உன் பேராசிரியர் டைப் அடித்து வைத்துக்கொண்டு, திங்கட்கிழமைக்குள் கையெழுத்துப் போடச் சொல்கிறாரே, அந்தக் காகிதத்தைத்தான் சொல்கிறேன். நீ எதையும் கற்பனையாக எழுதவில்லை. கண்ணால் பார்த்ததைத்தான் எழுதினாய். நீ பார்த்ததைக் கெடுத்து வைத்தவன் நான். எப்படி என்று சொல்கிறேன். நடுவில் கோபம் வந்தால் வரட்டும், கடிதத்தைப் பாதியில் மடித்து மட்டும் வைத்துவிடாதே.

அதே கடிதத்தில் இன்னொன்றும் எழுதியிருந்தாய். படித்தது போதும், துபாயிலிருந்து சாச்சா சொன்ன மாப்பிள்ளைக்குச் சரி சொல்லிவிடுங்கள் என்று. நான் சொல்லவில்லை, சொல்லப்போவதும் இல்லை. பையன் நல்லவனாகவே இருக்கட்டும். மனசார வேண்டும் என்று நீ சொன்னால் இந்த மரக்காணம் பஜாரையே அடைத்துப் பந்தல் போடுகிறேன். தலை குனிந்துபோய், முகத்தை ஒளித்துக்கொள்ள ஓர் இடம் தேடி நீ செய்யும் நிக்காஹுக்கு நான் பெண்ணின் பொறுப்பாளனாக, வலியாக நின்று சம்மதம் சொல்ல மாட்டேன். உன் சாச்சாவுக்கு, அதான் என் தம்பிக்கு, நேற்றே கடிதம் போட்டுவிட்டேன். அவன் கோபித்துக்கொள்வான். பெருநாள் வந்தால் சரியாகிவிடுவான்.

உனக்கு ஞாபகம் இருக்கிறதா, நீ இந்த ஆராய்ச்சியில் சேர்ந்த வருஷம் பஜாரே நம்மைப் பார்த்துச் சிரித்தது. மிட்டாய்க் கடைக்காரன் காலமெல்லாம் ஈயை விரட்டினான், மகள் மெட்ராசுக்குப் போய் ஈ வளர்க்கிறாள் என்று. "ஏம்பா, ஈ ஓட்டுறதுக்கா பொண்ண அவ்ளோ தூரம் படிக்க வெச்சே?" என்று அரிசிக்கடைக்காரர் கேட்டார். எனக்குச் சுருக்கென்றது. அன்றைக்குச் சாயங்காலமே உன்னைக் கல்லாவுக்குப் பக்கத்தில் உட்கார வைத்து, எனக்குப் புரிகிற மாதிரி சொல் என்றேன். நாளைக்கு அவருக்குப் பதில் சொல்ல வேண்டுமே.

நீ சொன்னது எனக்கு ஒரு வரிகூட மறக்கவில்லை. "அத்தா, மாவ சர்க்கரையா மாத்துறதுக்கு ஈ உடம்புல ஒரு ஜீன் இருக்குது. அதே ஜீன் பக்கத்துலயே ரெண்டாவது வாட்டியும் எழுதியிருக்குது" என்றாய். ஒரே விஷயத்தை எதற்கு இரண்டு தடவை எழுத வேண்டும் என்று கேட்டேன். ஒன்று பழைய வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கும், இன்னொன்று தைரியமாகக் கொஞ்சம் மாறிப் பார்க்கலாம், கெட்டுப்போனாலும் ஈ பட்டினி கிடக்காது என்றாய். என் அல்வாக் கணக்கும் அப்படித்தானே. ஒரு சீட்டு பெட்டியில் பத்திரமாக இருக்கிறது, இன்னொரு சீட்டில் முந்திரியைக் கூட்டி நெய்யைக் குறைத்துக் கிறுக்கிப் பார்க்கிறேன். ஈக்கு உணவிலேயே சர்க்கரை கிடைத்துவிட்டால் அந்த இரண்டு ஜீன்களும் வேலையைக் குறைத்துக்கொள்ளும் என்றாய். நோன்பு மாசத்தில் நம் கடை மத்தியான நேரத்தில் இருக்கிற மாதிரியா என்று கேட்டேன், நீ விழுந்து விழுந்து சிரித்தாய். மாவு மட்டும் தின்கிற ஈக்களில், புழுவாக இருக்கும்போது எந்தப் பிரதி அதிகம் உழைக்கிறது, இறக்கை முளைத்த பிறகு எது உழைக்கிறது என்று கண்டுபிடிப்பதுதான் உன் வேலை என்று அன்றைக்குப் புரிந்துகொண்டேன். மறுநாள் அரிசிக்கடையில் போய் உட்கார்ந்து அரை மணி நேரம் பேசினேன். அந்த மனுஷன் அதற்கப்புறம் என்னிடம் ஈ பேச்சே எடுக்கவில்லை.

இந்த வருஷம் நோன்பு கோடை விடுமுறையில் வந்தது. ஹாஸ்டலை மூடிவிட்டார்கள், ஈக்களை யார் பார்த்துக்கொள்வது என்று நீ அவற்றையும் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு வந்தாய். வாயில் பஞ்சு அடைத்த பால் பாட்டில்கள், பாதிக்குக் கழுத்தில் சிவப்பு நூல், பாதிக்கு வெள்ளை நூல். சிவப்புக்கு வெல்லம் போட்ட ரவைக் கூழ், வெள்ளைக்கு வெல்லம் இல்லாத ரவைக் கூழ். இரண்டிலும் கெட்டிப்பட கடல்பாசி. நோன்பு திறக்க உன் அம்மா காய்ச்சும் அதே கடல்பாசி ஈக்கும் ஆகிறதே என்று நாங்கள் அதிசயப்பட்டோம். உப்பளத்துப் பக்கத்திலிருந்து அனல் அடிக்கிற மாசம் அது. சூடு தாங்காது என்று மணல் போட்ட தொட்டியில் பாட்டில்களைப் புதைத்து, மேலே ஈரச் சாக்கைப் போட்டு, கடல் காற்று வருகிற பின்கட்டில் வைத்தாய். உன்னை விட அந்தத் தொட்டிக்குத்தான் வீட்டில் மரியாதை அதிகமாக இருந்தது.

கடைசிப் பத்து நோன்பில் உனக்கு டைபாய்டு வந்தது. தலையைத் தூக்க முடியாமல் கிடந்த நேரத்திலும் உனக்குப் பாட்டில் நினைப்புதான். கூழ் மாற்ற வேண்டிய நாள் வந்தது. நான் பார்த்துக்கொள்கிறேன், பத்துப் படி அல்வா கிண்டுகிறவனுக்கு ஈக்குக் கூழ் கிண்டத் தெரியாதா என்றேன். நீ என் கையைப் பிடித்துக்கொண்டு, "அத்தா, வெள்ளை நூலுக்கு வெல்லம் வேணாம். கரண்டிகூட வேற எடுத்துக்குங்க" என்றாய். அவ்வளவு தெளிவாகத்தான் சொன்னாய். எனக்குக் காதும் நன்றாகத்தான் கேட்டது.

நோன்பு வைத்திருக்கும்போது நான் எதையும் ருசி பார்ப்பதில்லை. வாசனையை வைத்தும் பதத்தை வைத்தும்தான் அந்த ஒரு மாசமும் கடையை நடத்துகிறேன், உனக்குத் தெரியும். அன்றைக்கு நோன்பு திறந்து மஃரிப் தொழுதுவிட்டு வந்து பார்த்தால், வெள்ளை நூல் கூழ் அடுப்பில் ஆறிக்கொண்டிருக்கிறது. ஒரு விரல் தொட்டு நாக்கில் வைத்தேன். டாக்டர் எனக்கு இனிப்பைத் தொடாதே என்று சொல்லி மூன்று வருஷம் ஆகிறது, எனக்கும் சர்க்கரை. ஆனாலும் அப்படி ஒரு சப்பென்ற பண்டம் என் கையிலிருந்து போனதே இல்லை. தொட்டியிலிருந்த பழைய வெள்ளை நூல் பாட்டில்களைத் தூக்கிப் பார்த்தேன். சிவப்பு நூலில் புழுக்கள் கொழுகொழுவென்று சுவரில் ஏறிக்கொண்டிருக்கின்றன. வெள்ளை நூலில் சின்னதும் பெரிதுமாகச் சோர்ந்துபோய்க் கிடக்கின்றன. இரண்டு நாள் பின்தங்கித்தான் வளரும் என்று நீ சொல்லியிருந்தாய். அது அப்போது ஞாபகம் வரவில்லை. உள்ளே நீ காய்ச்சலில் கிடக்கிறாய், வெளியே உன் ஈக்கள் பட்டினி கிடக்கின்றன, இவை செத்துவிட்டால் எழுந்ததும் நீ என்ன ஆவாய் என்றுதான் நினைத்தேன். பெருநாள் ஆர்டருக்காக ஜிலேபிப் பாகு காய்ச்சி வைத்திருந்தேன். வெள்ளைச் சர்க்கரைப் பாகு. வெல்லம்தானே வேண்டாம் என்றாள் என்று எனக்கு நானே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டு, வெள்ளை நூல் கூழில் இரண்டு கரண்டி ஊற்றிக் கிளறினேன். நிறம் மாறவில்லை. மாறியிருந்தால் நீ கண்டுபிடித்திருப்பாய்.

படுக்கையை விட்டு எழுந்து தள்ளாடிக்கொண்டே தொட்டியைப் பார்த்தாய். எல்லா பாட்டிலும் நிறைந்து கிடந்தது. "அத்தா கை ராசி" என்று உன் அம்மாவிடம் சொன்னாய். நான் தாடியைத் தடவிக்கொண்டு நின்றேன். சொல்ல வேண்டிய நேரம் அதுதான். ஒரு வாரம் படுத்துக் கிடந்து முதல் தடவையாகச் சிரிக்கிற பெண்ணிடம் எதற்கு என்று விட்டுவிட்டேன். என் பாகில் வளர்ந்த ஈக்களைத்தான் பெருநாள் முடிந்து நீ மெட்ராசுக்குத் தூக்கிக்கொண்டு போனாய்.

பிறகு உன் சந்தோஷக் கடிதம் வந்தது. வெள்ளை நூல் ஈக்களிலும் இரண்டு ஜீன்களும் ஓய்ந்துபோயிருக்கின்றன, மாவு மட்டுமே தின்றும் இப்படி என்றால் ஏதோ புதிதாக மாறியிருக்கிறது, பேராசிரியர் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார், வெளியூர்க் கருத்தரங்கில் இதைப் பேசப்போகிறார் என்று எழுதியிருந்தாய். மகளே, அந்தக் கடிதத்தை இரண்டாம் தடவை படிக்கும்போதே எனக்குப் புரிந்துவிட்டது. இனிப்புக் கிடைத்தால் வேலையைக் குறைத்துக்கொள்ளும் என்று நீ சொன்னதும், நான் ஊற்றிய இரண்டு கரண்டியும் ஒன்றோடொன்று வந்து நின்றன. அந்த நேரத்தில் அரிசிக்கடைக்காரர் வந்து, என்னப்பா கடிதம் என்று கேட்டார். என் மகள் ஒன்று கண்டுபிடித்திருக்கிறாள் என்று வாய் சொல்லிவிட்டது. அரை மணி நேரத்தில் பஜார் முழுக்கத் தெரிந்துவிட்டது. சாயங்காலம் இரண்டு தட்டு அல்வாவை எடுத்துக்கொண்டு கடை கடையாகப் போய்க் கொடுத்தேன், உப்பளத்தில் வேலை முடிந்து வந்த பெண்களுக்கெல்லாம் கூப்பிட்டுக் கொடுத்தேன். பொய் என்று தெரிந்துகொண்டே கொடுத்தேன். பாகு ஊற்றியது அறியாமை என்று வேண்டுமானால் நீ மன்னிக்கலாம். அல்வா கொடுத்ததை அப்படிச் சொல்ல முடியாது. ஊர் சிரித்த இடத்தில் ஊரை வாயடைக்க வைக்க எனக்கு ஆசை, அந்த ஆசைக்கு உன்னை விற்றேன்.

கருத்தரங்கு முடிந்த பிறகு நீ மறுபடியும் செய்து பார்த்ததில் பழையபடி வந்துவிட்டது, வெள்ளை நூல் ஈக்கள் நன்றாக உழைக்கின்றன, ஏன் என்று தெரியவில்லை என்று எழுதினாய். அப்போதாவது நான் பேசியிருக்க வேண்டும். பேசவில்லை. அதற்குப் பதிலாக என்ன செய்தேன் தெரியுமா? நான் குற்றவாளி இல்லை என்று எனக்கே நிரூபித்துக்கொள்ளப் பார்த்தேன். நீ விட்டுப்போன காலி பாட்டில்கள் எட்டு இருந்தன. பழக்கடையில் அழுகின வாழைப்பழத்தில் மொய்த்த ஈக்களைப் பிடித்தேன். நாலு பாட்டிலில் வெறும் ரவைக் கூழ், நாலு பாட்டிலில் பாகு ஊற்றிய கூழ். கரண்டி வேறு வேறு. இந்தத் தடவை கரண்டியைக் கழுவின தண்ணீரைக்கூடத் தனியாகக் கொட்டினேன். புதிய ஈக்கள் வந்ததும், போன வருஷம் நீ எங்களுக்கு வேடிக்கை காட்டினாயே, அதையே செய்தேன். உறிஞ்சுதாளில் கஞ்சி தடவி, ஒவ்வோர் ஈயாக வைத்து நசுக்கி, கொஞ்ச நேரம் ஈரம் காயாமல் மூடி வைத்து, புண்ணுக்குப் போடுகிற டிங்சரைத் தண்ணீர் கலந்து தெளித்தேன். பாகால் ஒன்றும் ஆவதில்லை என்று வர வேண்டும், யா அல்லாஹ், அப்படி வரட்டும் என்று துஆ கேட்டுக்கொண்டே தெளித்தேன்.

தாள் முழுக்க நீலமானது. வெறும் கூழ் தின்ற ஈக்களை நசுக்கிய இடமெல்லாம் கஞ்சி செரித்துப்போய் வெள்ளை வெள்ளையாகப் புள்ளி விழுந்தது. பாகு தின்ற ஈக்களின் தாளில் புள்ளியைத் தேடித்தான் பார்க்க வேண்டியிருந்தது. மறுநாள் வேறு பாட்டிலிலிருந்து எடுத்துச் செய்தேன். அப்படியே வந்தது. மூன்றாம் நாளும் செய்தேன். துஆ பலிக்கவில்லை என்று வருத்தப்படவா, நீ சொன்னது அச்சு அசலாக நடக்கிறதே என்று பெருமைப்படவா என்று தெரியாமல் பின்கட்டில் உட்கார்ந்துகொண்டிருந்தேன். ஆறு தாள்களையும் காயவைத்து, தேதி போட்டு, எது எந்தப் பாட்டில் என்று எழுதி இதோடு வைத்திருக்கிறேன். டிங்சர் நிறம் நிற்காது, வெளுத்துவிடும் என்று பென்சிலால் புள்ளிகளைச் சுற்றிக் கோடு போட்டிருக்கிறேன். மிட்டாய்க் கடைக்காரன் செய்தது என்று யாராவது ஒதுக்கினால், நீங்களே ஒரு தடவை பாகு ஊற்றிப் பாருங்கள் என்று சொல்.

உன் வியாழக்கிழமைக் கடிதம் வந்த பிறகுதான் உன் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் திட்டுவாள் என்று காத்திருந்தேன். அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். பிறகு நிமிராமலே, "பாகு ஊத்தின கைதானே, அந்தக் கையாலயே எழுதுங்க. யாரையும் வெச்சு எழுத வேணாம்" என்றாள். வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வந்து, யாருக்கெல்லாம் அல்வா கொடுத்தேனோ அவர்கள் கடைக்கெல்லாம் திரும்பப் போனேன். நான் கொடுத்தது பொய் அல்வா, என் மகள் தப்புச் செய்யவில்லை, அவளுக்குத் தெரியாமல் அவள் ஈக்குப் பாகு ஊற்றியது நான் என்று ஒவ்வொருவரிடமும் சொன்னேன். மழைக்கு உப்பளத்தில் வேலை நின்றுவிட்டதால் பஜாரில் ஆள் குறைவுதான், இருந்தவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அரிசிக்கடைக்காரர் மட்டும் சிரிக்கவில்லை. "எதுக்குப்பா வெளியில சொல்றே, பொண்ணு கல்யாண சமயத்துல" என்றார். கல்யாண சமயம் என்பதால்தான் சொல்கிறேன் என்றேன். அவருக்குப் புரிந்ததா என்று தெரியவில்லை.

உன் பேராசிரியரைப் பற்றி ஒன்று. அவரைக் கெட்டவர் என்று நான் சொல்லவில்லை. நாலு பேர் முன்னால் பேசிய பேச்சைத் திரும்ப வாங்குவது எவ்வளவு கஷ்டம் என்று அல்வாத் தட்டோடு நடந்த எனக்குத் தெரியும். ஆனால் மறுபடி ஒரு தடவை செய்து காட்டு என்று கருத்தரங்குக்கு முன்னால் அவர் கேட்டிருக்கலாம். பிறகுதானே கேட்டார்? அவருடைய அவசரத்துக்கும் என்னுடைய பாகுக்கும் சேர்த்து நீ ஒருத்தி பழி சுமக்க வேண்டும் என்றால் அது என்ன நியாயம்? அவரிடம் மரியாதையாகப் பேசு, ஆனால் நேராகப் பேசு. உன்னிடமும் ஒரு தப்பு உண்டு, அதையும் நீயே சொல்லிவிடு. காய்ச்சல் வந்ததையும், ஒரு வாரம் கூழை வேறு ஆள் கிண்டியதையும் உன் குறிப்புப் புத்தகத்தில் நீ எழுதவில்லை. அத்தா செய்தது நான் செய்த மாதிரிதான் என்று நினைத்திருப்பாய். இல்லை, மகளே. இனிமேல் யார் கை பட்டாலும் எழுதி வை. என் கை பட்டால் இரண்டு தடவை எழுதி வை.

நாளை ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸுக்குத் திண்டிவனம் போய் அங்கிருந்து மெட்ராஸ் பஸ் பிடிக்கிறேன். தபாலை நம்பி இந்தக் கடிதத்தைப் போடவில்லை, மடியில் வைத்துக்கொண்டு வருகிறேன். ஹாஸ்டல் வாசலில் உன் கையில் கொடுத்துவிட்டு, நீ படித்து முடிக்கிற வரைக்கும் எதிர்ப்பக்கம் நிற்பேன். நேரில் சொல்ல எனக்கு வாய் வராது, அதனால்தான் எழுதினேன். திங்கட்கிழமை நாம் இரண்டு பேரும் அவர் அறைக்குப் போகிறோம். அவர் என்னை வெளியே நிற்கச் சொன்னால் நிற்க மாட்டேன். தப்புச் செய்தவன் கையெழுத்துதான் வேண்டும் என்றால் நான் போடுகிறேன், தமிழில் போடுகிறேன், வேண்டுமானால் பெருவிரலையும் வைக்கிறேன். இத்தனைக்கும் பிறகும் உன்னை வெளியே அனுப்பினால், நிமிர்ந்து வெளியே வா. வேறு இடம் தேடுவோம். நாடு சின்னதில்லை, நானும் இன்னும் கடையை மூடவில்லை.

என்னை மன்னித்துவிடு என்று நான் கேட்கவில்லை. அதற்கு இப்போது நேரமும் இல்லை. கோபமாகவே இரு, பஸ்ஸில் வந்த மனுஷன் சாப்பிட்டானா என்றுகூடக் கேட்க வேண்டாம். அந்தக் கோபத்தோடு திங்கட்கிழமை அந்த அறையில் எனக்குப் பக்கத்தில் நில். இந்த ஆள் யார் என்று அவர் கேட்பார். தலையைக் குனியாமல் நீயே சொல், பாகு ஊற்றியவர் இவர்தான், என் அத்தா என்று.